சந்தனம் வைத்த பலகை

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எண்பத்தாறு வந்திருக்க வேண்டும். வந்தது முப்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தாறு.

மெஷினிலிருந்து காகிதத்தை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் சூபரின்டென்டென்ட் கோபாலன் நிற்கிறார். அவர் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திர நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மயிலாப்பூரில் நாலாயிரத்து அறுநூறு பேரைக் காணோம். எல்லாம் ரேஷன் கார்டு வைத்திருந்த ஜனங்கள். இந்தக் காகிதம் இப்படியே மேலிடத்துக்குப் போனால் அத்தனை பேருக்கும் அரிசி வராது. அந்தக் கூட்டத்தில் நானும் என் அம்மாவும்கூட இருந்திருக்கலாம்.

மெஷின் சூடாக இருந்தது. எண்ணெய் வாசனையோடு வேறு ஏதோ ஒரு நல்ல வாசனையும் வந்தது. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நேரத்தில் அதைப் பற்றி யோசிக்கத்தான் தோன்றவில்லை.

ஒரு கடிதம்

இந்த வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணக் கதையை எழுதுவதாக இருந்தேன். நங்கநல்லூரிலிருந்து ஒரு பெண் எழுதிய கடிதம் வந்து அதைத் தள்ளிப் போட்டுவிட்டது. கல்யாணக் கதை எங்கும் ஓடிப் போகாது.

அந்தப் பெண் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்திருக்கிறாளாம். புரோகிராம் எழுதினால் தப்பு, திருத்தினால் அதில் இரண்டு தப்பு. "எனக்கு இந்த மூளை இல்லை என்று நினைக்கிறேன். நின்றுவிடலாமா, அம்மா?" என்று கேட்டிருக்கிறாள். நான் ஏதோ பழைய மெஷினில் வேலை பார்த்தவள் என்று போன மாதம் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்கிறாள்.

பாண்டி பஜாரில் இப்போது புடவைக் கடைக்கு மேல் கம்ப்யூட்டர் வகுப்பு, செருப்புக் கடைக்கு மேல் கம்ப்யூட்டர் வகுப்பு. எனக்கு அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தப்பு வந்து நிற்கும்போது வயிற்றில் ஒன்று கனக்குமே, அது நன்றாகத் தெரியும். ஆகவே மகளே, நின்றுவிடுவதற்கு முன்னால் இதைப் படி.

லஸ் பங்களா

யுத்தம் முடிந்த சமயம். அரிசிக்கு ரேஷன் மட்டும் முடியவில்லை. லஸ்ஸுக்குப் பக்கத்தில், மாமரம் நிறைந்த ஒரு பழைய பங்களாவில் எங்கள் ஆபீஸ். எந்தக் கடையில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள், எந்த வார்டுக்கு எவ்வளவு அரிசி என்று பட்டியல் போடுவது வேலை. நான் சாந்தோமிலிருந்து கச்சேரி ரோடு வழியாக நடந்து போவேன். மழை நாளில் கூட ரிக்‌ஷா ஏறியதில்லை.

பங்களாவின் சாப்பாட்டு அறையில் அந்த மெஷின் இருந்தது. ஒரு கடைக்கு ஒரு அட்டை. கடை எண், வார்டு எண், ஆட்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அட்டையில் துளைகளாக இருக்கும். அட்டை மெஷினுக்குள் போகும்போது சின்னக் கம்பி விரல்கள் அதைத் தடவிப் பார்க்கும். துளை இருந்த இடத்தில் மின்சாரம் பாயும், எண் சக்கரம் சுற்றும், கடைசியில் கூட்டுத்தொகை காகிதத்தில் விழும்.

எந்தத் துளை எந்தச் சக்கரத்துக்குப் போக வேண்டும் என்று மெஷினுக்குத் தானாகத் தெரியாது. அதற்கு ஒரு பலகை. ஒரு கோயில் புளியோதரைத் தாம்பாளம் அளவு இருக்கும், முழுக்கப் பொத்தல். இந்தப் பொத்தலுக்கும் அந்தப் பொத்தலுக்கும் வயர் செருகிச் செருகித்தான் மெஷினுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் புரோகிராம் என்றால் நாடகக் கொட்டகையில் கொடுக்கிற நோட்டீஸ். நாங்கள் இதைப் 'பலகை கட்டுவது' என்றோம்.

பலகை கட்டிக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்து ஆவடிக்குப் போய்விட்டார். கல்கத்தாவிலிருந்து வந்த மெக்கானிக் பத்து நாள் தங்கி, எண்ணெய்க் கறை படிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதுவரை அட்டையில் துளை போடுகிற பெண்களில் ஒருத்தி. "நான் கட்டிப் பார்க்கிறேன் சார்" என்று நானாகப் போய்க் கேட்டேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். துளை போட்டுப் போட்டு அலுத்துப் போயிருந்தது.

அது சொன்னதைச் செய்யும்

முதல் பலகையை மூன்று நாள் கட்டினேன். மெஷின் ஜோராக ஓடியது. வந்த தொகையைப் பார்த்த ராஜம் சிரித்துவிட்டாள். ராஜம் என் சிநேகிதி, பக்கத்து மேஜையில் கையால் கூட்டல் போடுகிறவள், வடக்கு மாட வீதிப் பெண். நான் ஆட்களைக் கூட்டச் சொல்வதற்குப் பதிலாகக் கடை எண்களைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் எண் கடையும் ஏழாம் எண் கடையும் சேர்ந்து பன்னிரண்டு என்று மெஷின் சிரத்தையாக அச்சடித்துக் கொடுத்தது.

இரண்டாவது பலகையில், வார்டு மாறும்போது கூட்டலை நிறுத்து என்று சொல்ல மறந்துவிட்டேன். மயிலாப்பூர் ஜனங்கள் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு தியாகராய நகருக்குக் குடி போய்விட்டார்கள்.

எனக்குப் பொறுமை ஜாஸ்தி என்று இந்தத் தொடரைப் படித்துவிட்டுச் சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் என் தங்கையைக் கேட்டுப் பார்க்கலாம். மூன்றாவது தப்பு வந்த அன்று வயரைச் சுழற்றி எறிந்தேன். அது போய் ராஜத்தின் மோர்சாதத்தில் விழுந்தது. அவள் அதை எடுத்து, அலம்பித் துடைத்து, என் மேஜையில் வைத்தாள்.

"மெஷின் மேல கோச்சிண்டு என்ன பிரயோஜனம்? நீ சொன்னதைத்தானே அது பண்ணித்து. எங்காத்துல ஒத்தர் கூட அப்படிப் பண்றதில்லை" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த மெஷின் மேல் ஒரு பிரியம் வந்தது. தப்பு வந்தால் அது என் தப்புதான், எங்கோ ஒரு பொத்தலில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்ற நினைப்பே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வீட்டில் வருகிற தப்புகள் அப்படி இல்லை. யார் எப்போது என்ன சொல்லி ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வீட்டில் அம்மாவுக்கு வேறு எண்ணம். எங்கள் குடும்பத்தில் பெண்கள் என்றால் டீச்சர். அத்தை டீச்சர், சித்தி டீச்சர். பங்குச் சாமியாரிடம் சொல்லி, ஜனவரியில் டீச்சர் டிரெயினிங்கில் எனக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருந்தார் அம்மா. என் வேலை டெம்பரரி, டிசம்பரோடு சரி. பட்டாளத்திலிருந்து திரும்பி வரும் ஆண்களுக்கு இடம் விட வேண்டும் என்று ஏற்கெனவே சுற்றறிக்கை வந்திருந்தது.

கோபாலன் சாரிடம் போய் நின்றேன். அவர் யோசித்துவிட்டு, நவராத்திரி லீவு முடிந்து வந்த அன்றைக்கு மயிலாப்பூர் வார்டை ஒரு தடவை ஓட்டிக் காட்டு என்றார். ராஜம் கையால் போட்ட கூட்டல் ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம். இரண்டும் ஒத்துப் போனால் பலகை வேலைக்கு என் பெயரை எழுதுவதாகச் சொன்னார். ஒத்துப் போகாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு அந்த மெஷின் வேண்டியிருந்தது. இதை இப்போது வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அப்போது அம்மாவிடம் சொல்லத் தெரியவில்லை.

முனுசாமியின் கிண்ணம்

லீவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஆபீசில் ஆயுத பூஜை. பியூன் முனுசாமி காலையிலிருந்தே மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாவிலைத் தோரணம், வாழைக் கன்று, பொரி மூட்டை. ஸ்குரூ டிரைவர், எண்ணெய்க் கேன், மைக்கூடு, துளை போடும் மெஷின்கள் எல்லாம் வரிசையாக ஒரு ஜமக்காளத்தில்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். பொரி வாங்கித் தின்பேனே ஒழிய, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணாகிய எனக்கு அங்கே வேறு வேலை இருந்ததில்லை. முனுசாமி கையில் சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் வந்தார்.

"இன்னா மிஸ்ஸம்மா, தூரமா நின்னுக்கினு கீறே? உன் பலகைய குடு. எல்லாரு சாமானும் அங்க கீது, உன்து மட்டும் இல்லாங்காட்டி நல்லாவா கீது?" என்றார்.

என்னுடைய சாமான் என்று அதை முதன்முதலில் சொன்னது அவர்தான். எனக்கு ஏன் அப்படிச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மறு பேச்சில்லாமல் பலகையைத் தூக்கிக் கொடுத்தேன். அவர் அதைக் குழந்தையை வாங்குவது போல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். கோபாலன் சார் கற்பூரம் காட்டினார். எதையும் விடாமல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னதும் அவர்தான். ராஜம் கொண்டுவந்த சுண்டலைத் தின்றுவிட்டு நான் வீட்டுக்குப் போனேன்.

லீவு முடிந்து வந்தபோது, பலகை பளிச்சென்று மெஷின் பக்கத்தில் தயாராக இருந்தது. வயர்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மாட்டினேன், ஓட்டினேன். நாலாயிரத்து அறுநூறு பேரைக் காணோம்.

ஐந்து மணி வரை

"அஞ்சு மணி வரைக்கும் பாரும்மா. இல்லேன்னா கையால போட்ட பட்டியலையே அனுப்பிடலாம்" என்றார் கோபாலன் சார். அப்போது மணி பதினொன்று.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் ராஜத்தின் கூட்டலைச் சந்தேகப்பட்டேன். அவள் என் எதிரிலேயே திரும்பக் கூட்டிக் காட்டினாள். அதே தொகை. பிறகு அட்டைகளைச் சந்தேகப்பட்டேன். மயிலாப்பூர்க் கடை அட்டைகள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைப் படித்தேன். எல்லாம் சரி.

சாப்பாட்டு வேளை போயிற்று. நான் சாப்பிடவில்லை. ராஜம் என் தூக்கைத் திறந்து மேஜையில் வைத்தாள், அப்புறம் அவளே மூடினாள்.

இரண்டு தொகைகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வெறித்துப் பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கம் ஒத்துப் போகிறது. வித்தியாசம் முழு நூறுகளாக இருக்கிறது. ஒன்றும் பத்தும் சரியாக வருகிறது, தப்பு நூறின் இடத்தில். ஒரே ஒரு அட்டையை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். அட்டையில் மூவாயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டு. மெஷின் சொன்னது மூவாயிரத்து நாற்பத்திரண்டு. எழுநூறு பேர் காணோம்.

மகளே, இந்த இடத்தைக் கவனி. தப்பு அப்போதும் சரியாகவில்லை. ஆனால் பலகை முழுவதும் பரவியிருந்த தப்பு ஒரே ஒரு வயருக்குச் சுருங்கிவிட்டது. காலையிலிருந்து வயிற்றில் இருந்த கனம் எனக்கு அப்போதுதான் குறைந்தது.

நூறின் வயரைப் பார்த்தேன். இந்த முனை சரியான பொத்தலில் இருக்கிறது. அந்த முனையும் சரியான பொத்தலில். புத்தகத்தைப் பார்த்தேன், எந்த வயர் எங்கே என்று நான் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன். எதிலும் தப்பு இல்லை. மறுபடி கனம் வந்து உட்கார்ந்தது. மணி நாலு. எனக்கு இந்த மூளை இல்லை, அம்மா சொன்னபடி டீச்சர் வேலைக்கே போய்விடலாம் என்று, நீ நினைத்த அதே வார்த்தையைத்தான் நானும் நினைத்தேன்.

கொண்டை ஊசி

தலையைப் பலகைக்குப் பக்கத்தில் சாய்த்தேன். அழுவதற்காக என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது மறுபடி அந்த வாசனை வந்தது. காலையிலிருந்து வந்துகொண்டிருந்த வாசனை. சந்தனம்.

பூஜை முடிந்த அறையில் சந்தனம் மணப்பதில் என்ன அதிசயம்? ஆனால் இது அறையிலிருந்து வரவில்லை, பலகையிலிருந்து வந்தது. மெஷின் சூடேறச் சூடேற அதிகமாக வந்தது. பலகையைக் கழற்றி, நட்டநடுவில் இருந்த நூறின் வயரைப் பிடுங்கினேன். முனையில் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

நடந்தது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. முனுசாமி பலகைக்கு அழகாக நடு நெற்றியில் பொட்டு வைத்திருக்கிறார். அந்த இடத்தில் ஒரு வயர் குறுக்கே நின்றிருக்கிறது. அதைப் பிடுங்கிப் பொட்டை வைத்துவிட்டு, ஒழுங்கான மனிதர் ஆனதால், அதே பொத்தலில் திரும்பச் செருகி, மேலாகத் துடைத்தும் விட்டார். உள்ளே இறங்கிய சந்தனம் இரண்டு நாள் லீவில் காய்ந்து கெட்டியாகி, வயர் முனைக்கும் மெஷினுக்கும் நடுவில் சுவர் எழுப்பிவிட்டது. வாசனையை மூக்கிலேயே வைத்துக்கொண்டு நாள் முழுவதும் தேடியிருக்கிறேன்.

கொண்டையிலிருந்து ஊசியை உருவிப் பொத்தலைச் சுரண்டினேன். மெஷின் துடைக்கிற ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் முனையைத் துடைத்தேன். தலைமுடி பாதி அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதைக் கட்டக்கூட நிற்காமல் மெஷினை ஓட்டினேன்.

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எண்பத்தாறு.

ராஜம் என் கையைப் பிடித்து அழுத்தினாள். கோபாலன் சார் எழுந்து வந்து காகிதத்தைப் பார்த்தார். முனுசாமி டீத் தம்ளர்களோடு உள்ளே வந்து, என் மேஜையில் கிடந்த மஞ்சள் ஊசியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அவருக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டது. அவரும் டெம்பரரிதான்.

"என்ன தப்பு?" என்று கேட்டார் கோபாலன் சார்.

ஒரு நொடி என் மனதில் நல்லதல்லாத ஒரு நினைப்பு வந்துபோனது. பெயரைச் சொன்னால் என் மேல் ஒரு தூசும் ஒட்டாது. ஆனால் பலகையைக் கொடுத்தது நான். திரும்பி வந்ததும் ஒரு அட்டையைக்கூட ஓட்டிப் பார்க்காமல் நேரே மாட்டியதும் நான்.

"பலகை என் பொறுப்பு சார். லீவு முடிந்து வந்ததும் சோதனை பார்க்காமல் ஓட்டிவிட்டேன்" என்றேன்.

அவர் ஊசியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். முனுசாமியைப் பார்த்தார். எதையும் விடாமல் பொட்டு வைக்கச் சொன்னது தானே என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஊசியை மெதுவாக என் மேஜையில் திரும்ப வைத்தார்.

"இனிமே என்ன பண்ணுவே?"

தினம் காலையில், வேலை தொடங்கும் முன், விடை முன்கூட்டியே தெரிந்த பத்து அட்டைகளை ஓட்டிப் பார்ப்பேன் என்றேன். எல்லா இடமும் சோதனையாகிற மாதிரி எண்கள். கூட்டினால் பன்னிரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து வரும்படி வைத்துக்கொண்டால் யாருக்கும் ஞாபகம் இருக்கும். இதை நான் முன்பே யோசித்து வைத்திருக்கவில்லை. வாயைத் திறந்தபோது வந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பெயர் எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முனுசாமி என் தம்ளரை மேஜையில் வைத்தார். "நீ என் பேர சொல்லலியே, மிஸ்ஸம்மா" என்றார். டீ ஆறிப் போகிறது, மற்றவர்களுக்குக் கொடுங்கள் என்றேன்.

புது நோட்டு

நாலைந்து நாள் கழித்து என் மேஜையில் ஒரு புது நோட்டு இருந்தது. மேல் அட்டையில் கோபாலன் சாரின் அழகான கையெழுத்தில் 'காலைச் சோதனை'. அதன் கீழே என் பெயர். உள்ளே அவரே கோடு போட்டிருந்தார்: தேதி, விடை, கையெழுத்து. தேதிகளையும் அவரே எழுதி முடித்திருந்தார்.

புரட்டினேன். நவம்பர் போயிற்று. டிசம்பர் கடைசிப் பக்கம் வந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் ஜனவரி ஒன்றிலிருந்து தேதிகள் தொடர்ந்து போயிருந்தன. நோட்டு முடிகிற வரை போயிருந்தன.

அவர் அறைக்குப் போய் நின்றேன். "சார், டிசம்பரோட எனக்கு..." என்று இழுத்தேன்.

"நோட்டுல பக்கம் இருக்கோல்லியோ? அப்போ எழுது" என்றார், தலையைத் தூக்காமல்.

அன்று கச்சேரி ரோட்டில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஜனவரியில் டிரெயினிங் போகவில்லை, ஆபீசிலேயே இருக்கப் போகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சாமியாருக்கு யார் பதில் சொல்வது என்று அரை மணி நேரம் பேசினார். பிறகு முறத்தை ஓரமாக வைத்தார்.

"நீயோ யார் சொன்னாலும் கேக்க மாட்டே. சொன்னதைக் கேக்கிற மெஷினாவது உனக்குக் கிடைச்சுதே, போ" என்றார்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முனுசாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர், பலகையிலிருந்து நாலடி தள்ளியே நின்றுவிட்டார். "நான் கை வெக்க மாட்டேம்மா. நீயே வெச்சுடு" என்றார். எனக்குப் பொட்டு வைத்துப் பழக்கமில்லை. மோதிர விரலால் தொட்டு, பொத்தல் இல்லாத மரச் சட்டத்தின் மூலையில், கோணலாக ஒன்று வைத்தேன். அவர் கிட்டே வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார்.

லீவு முடிந்து வந்ததும் பத்து அட்டைகளை எடுத்து ஓட்டினேன். முனுசாமி கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். பன்னிரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து. நோட்டைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, அன்றைய வேலையைத் தொடங்கினேன்.